ஏசி அறையும் என் சுட்டுவிரலும்

1. திரும்பி வந்த புத்தகங்கள்

ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்த நாளிலிருந்துதான் இதைச் சொல்லத் தொடங்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சந்துக்குள் இருந்த எங்கள் பிரெயில் அச்சகத்திலிருந்து, பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போன புத்தகங்கள் அவை. பிரெயில் புத்தகம் சாதாரணப் புத்தகம்போல் பைக்குள் அடங்காது. ஒரு கணக்குப் புத்தகமே நாலைந்து வால்யூம் வரும். அத்தனையையும் குட்டியானை வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

பள்ளி ஆசிரியை போனில் சொன்ன புகார் இதுதான்: புள்ளிகள் குத்துகின்றன. பிள்ளைகள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் விரலை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு சிறுமிக்கு விரல் நுனி சிவந்துபோய், அவள் இடது கைக்கு மாறிவிட்டாளாம்.

நான் அந்த அச்சகத்தின் ப்ரூஃப் ரீடர். பெயர் பரிமளா. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். புள்ளி அடித்த துத்தநாகத் தகட்டை இரண்டாக மடித்து, நடுவில் தாளை வைத்து, ரோலரில் விட்டு எடுத்தால் தாளில் எழுத்து எழும்பி நிற்கும். இதைச் செய்பவர் பிரஸ்மேன் தனசேகர். அவர் அடித்துத் தரும் முதல் தாளை நான் விரலால் படித்து வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்தில் ஜெயந்தி மூலப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பாள். பிழை பார்ப்பதோடு என் வேலை முடியாது. புள்ளி போதிய அளவு எழும்பியிருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதும் நான்தான். நான் ஓகே சொன்னால்தான் மற்ற பிரதிகள் ஓடும். அதனால் புள்ளி குத்துகிறது என்று ஒருவர் சொன்னால், அந்தக் கேள்வி நேராக என் மேஜைக்குத்தான் வரும்.

மேனேஜர் ஒரு வால்யூமைப் பிரித்து என் முன்னால் வைத்து, நீங்களே பாருங்கள் என்றார். சுட்டுவிரலை ஓடவிட்டேன். குத்தவும் இல்லை, கிள்ளவும் இல்லை. உண்மையைச் சொன்னால், இன்னும் கொஞ்சம் எழும்பியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதையே சொன்னேன். கணக்குப் புத்தகத்திடமிருந்து தப்பிக்கப் பிள்ளைகள் எதையும் சொல்லும், நானும் அந்த வயதில் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறேன் என்று சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

தனசேகர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், புள்ளி உச்சியில பேப்பர் வெடிச்சிகினு கீது. கண்ணு கீறவன் எவன் பாத்தாலும் தெரியும். பிரஷர் ஜாஸ்தின்னு நான் அப்பவே சொன்னேன். நீங்கதான் ஏத்து ஏத்துன்னீங்க."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கண் என்ற சொல்லுக்கு நான் கோபித்துக்கொள்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தச் சொல் எனக்குப் பழகிப்போன ஒன்று. எனக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்கு. என் விரல் சொல்வதை இந்த அச்சகத்தில் யாரும் அதுவரை மறுத்ததில்லை.

2. ஜில்லென்று ஒரு மரியாதை

இதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் அச்சகத்துக்கு ஏசி வந்தது. எங்களுக்காக வரவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாகப் பிரெயில் அடிக்கும் புது மெஷின் ஒன்று வாங்கியிருந்தார்கள். அதை மாட்டிக்கொடுக்க வந்த என்ஜினீயர், தூசும் வெக்கையும் இதற்கு ஆகாது, ஏசி அறை கட்டினால்தான் வாரண்டி என்று சொல்லிவிட்டார். ஷெட்டின் ஒரு மூலையைக் கண்ணாடி வைத்துத் தடுத்தார்கள். ரிமோட்டில் அவர் வைத்த எண்ணை யாரும் மாற்றக் கூடாது என்று அதன்மேல் டேப் வேறு ஒட்டிவிட்டுப் போனார்.

மேனேஜர் நல்ல மனிதர். திருச்சிப் பக்கத்துக்காரர், கொரட்டூரில் ஃபிளாட்டில் குடியிருந்தார். இத்தனை வருடம் தகர ஷெட்டுக்குள் வெந்தது போதும் என்று என் மேஜையையும் அந்த அறைக்குள் தூக்கிப் போடச் சொன்னார். எனக்கு வாயெல்லாம் பல். ஷெட்டில் மே மாதம் ப்ரூஃப் படிப்பது என்பது தண்டனை. விரல் வேர்த்துத் தாளில் ஒட்டும், வரி நகராது. அதற்காகவே மேஜையில் ஒரு பவுடர் டப்பா வைத்திருப்பேன். அந்த டப்பாவை ஜெயந்தியிடம் கொடுத்து, இனிமேல் நீ முகத்துக்குப் போட்டுக்கொள் என்றேன். புது இடத்தில் என் நாற்காலி ஏசி காற்று நேராக இறங்கும் இடத்தில் இருந்தது. அதையும் எனக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது ஈரம். தாள்கள் நமுத்துப்போயிருக்கின்றன என்று எனக்குப் பட்டது. தொட்டால் சில்லென்று, பனியில் கிடந்ததுபோல இருந்தன. தனசேகரிடம் புகார் சொன்னேன். அவர் தாள் கட்டுகளைப் பிரித்து வெளியே வெயிலில் காயவைத்து எடுத்து வந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டேன், மறுபடியும் ஈரம். இன்னும் காயட்டும் என்றேன்.

"இதுக்கு மேல காஞ்சா அப்பளமாட்டம் பொரிச்சிக்கலாம் மேடம்" என்றார்.

ஈரத்தை அறிவதற்கென்று நம் தோலில் தனியாக எதுவும் இல்லை என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். தொட்ட பொருள் குளிர்ந்திருந்தால், அது ஈரமாக இருக்கும் என்று தோல் ஒரு ஊகம் செய்கிறது, அவ்வளவுதான். கொடியில் காயும் துணியைக் காலை நேரத்தில் தொட்டுப் பார்த்து, காய்ந்ததா இல்லையா என்று குழம்பாத பெண்கள் உண்டா? எனக்கு அது தாளில் நடந்தது.

அடுத்தது தகடு. திருத்தம் செய்யவேண்டிய தகடுகளை என் மேஜைக்குப் பக்கத்து ராக்கில் அடுக்கியிருப்பார்கள். ஒன்றைத் தூக்கி உள்ளங்கையில் வைத்தால் முன்னைவிடக் கனத்தது. கேஜ் மாற்றிவிட்டீர்களா, தடிமன் கூடிய ஷீட் வாங்குகிறீர்களா என்று ஸ்டோரில் கேட்டேன். அதே ஷீட்தான், அதே சப்ளையர்தான் என்றார்கள். குளிர்ந்த உலோகம் கையில் வைத்தால் கூடுதலாகக் கனப்பதுபோல் தெரியும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. வயசாகிவிட்டது, கையில் வலு குறைந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவதாகத்தான் புள்ளி. தனசேகர் தரும் தாள்களில் புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தன. காலையில் வரும் முதல் சில தாள்கள் நன்றாக இருக்கும். போகப் போக மங்கும். இதற்கு நானே ஒரு விளக்கமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: ஓட ஓட மெஷின் சூடாகிறது, ரோலர் ரப்பர் இளகுகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது. இந்த விளக்கத்தைத் தனசேகரிடமும் சொன்னேன். அந்த மெஷினை அவர் என்னைவிட நன்றாக அறிவார். ஆனால் ப்ரூஃப் ரீடர் சொல்லிவிட்டால் ஏற்றித்தான் ஆகவேண்டும். ஏற்றினார். பத்தாது என்றேன். இன்னும் ஏற்றினார். பேப்பர் தாங்காது என்றார். தாங்கும் என்றேன். அப்படி ஓடியதுதான் அந்தக் கணக்குப் புத்தகம்.

3. பரீட்சை

புத்தகங்கள் திரும்பி வந்த பிறகு அச்சகத்தில் என்னிடம் பேசும் குரல்கள் மாறின. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் அன்பாகப் பேசினார்கள். அந்த அன்புதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஜெயந்தி ஒரு நாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, அக்கா, சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா என்று கேட்டாள்.

அவள் எதை நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு அப்படித்தான் ஆனது. கண்ணை எடுத்த சர்க்கரை நோய், கொஞ்ச காலத்தில் விரல் நுனி உணர்ச்சியையும் எடுத்துவிட்டது. கடைசி நாட்களில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கும் சில வருடங்களாகச் சுகர் உண்டு. ஆவடியில் நான் பார்க்கும் டாக்டர், கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரையைக் கூட்டலாம் என்று சொல்லி அனுப்பினார். விரலைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேனேஜர் ஒரு பரீட்சை வைத்தார். ஒரு தாளில் அங்கங்கே சில புள்ளிகளை நகத்தால் அழுத்தி மழுக்கிவிட்டு, எவை மழுங்கியவை என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். தாளைத் தயார் செய்தது தனசேகர். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, என் மேஜையில், ஏசிக்குக் கீழே வைத்து அந்தப் பரீட்சையை எழுதினேன். ஜெயந்தி குறித்துக்கொண்டே வந்தாள். பாதி தாள் போவதற்குள் அவள் குரல் கம்மிவிட்டது. மழுங்கியவற்றில் பலதை நான் தாண்டிப் போயிருந்தேன். நன்றாக இருந்த பலதை மழுங்கல் என்று சொல்லியிருந்தேன்.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற ஒண்ணாந்தேதியிலேர்ந்து ப்ரூஃபுக்கு ஒரு பொண்ணு வருது. நீங்க ஆபீஸ் போனைப் பாத்துக்கங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டோம்."

சம்பளம் அப்போது என் நினைப்பிலேயே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு விரல் வழியாக உள்ளே வந்தது. பள்ளிப் பாடம், கதைப் புத்தகம், என் கணவர் கல்யாணத்துக்கு முன்பு பிரெயில் கற்றுக்கொண்டு தப்பும் தவறுமாகக் குத்திக் கொடுத்த கடிதம், எல்லாம். கண் இல்லாதது எனக்கு ஒரு இழப்பாகத் தெரிந்ததே இல்லை, ஏனென்றால் அது இருந்து போனதல்ல. இது இருந்து போகிறது. அன்றைக்கு ரயிலில் ஜெயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அவளிடமிருந்து கையை உருவிக்கொண்டேன். பாவம், அவள் மேல் என்ன தப்பு?

4. வீட்டில் குத்தியது

நாங்கள் இருப்பது ஆவடியை அடுத்த கோவில்பதாகையில், ஒரு வீட்டின் மாடியில். மேலே மொட்டை மாடி. பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சுவர்கள் சாயங்காலம்தான் கக்கும். என் கணவர் கணபதி தையல்காரர். பரீட்சைக்கு மறுநாள் சாயங்காலம் பள்ளி யூனிஃபார்ம் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அறை சூளைபோல இருந்தது.

திரும்பி வந்த புத்தகத்திலிருந்து ஒரு தாளை அவிழ்த்து என் பையில் போட்டு வைத்திருந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. முகம் கழுவி, டவலால் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தாளில் விரலை வைத்தேன்.

குத்தியது. சும்மா இல்லை, முள் கம்பியைத் தடவியதுபோலச் சுருக்கென்று ஏறியது. மூன்று வரி படிப்பதற்குள் விரலை எடுத்து, நான் அறியாமலே வாயில் வைத்துக்கொண்டேன். அப்படியே அழுதேன்.

கணபதி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். குத்துது என்றேன்.

"விரல் செத்துப்போச்சுன்னு ரெண்டு நாளா அழுத. இப்ப குத்துதுன்னு அழற. எதுக்குத்தான் சிரிப்ப நீ?"

எனக்கு இரண்டுக்குமே அழுகை வந்தது. விரல் உயிரோடு இருக்கிறது என்ற சந்தோஷம் ஒரு பக்கம். இந்த முள்ளையா பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்தேன் என்பது இன்னொரு பக்கம். அந்தச் சிறுமி இடது கைக்கு மாறினாள் என்று ஆசிரியை சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அச்சகத்துக்குப் போனதும் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். போனில் இருக்கிறார், வருவார் என்றார்கள். என் மேஜையில் போய் உட்கார்ந்தேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி காத்திருந்தேன். அவர் வருவதற்கு வெகு நேரமாகிவிட்டது. வந்ததும், சார், இது குத்துது, நேத்து வீட்டுல எனக்கே குத்திச்சு, பாருங்க என்று சொல்லித் தாளில் விரலை வைத்தேன்.

ஒன்றும் இல்லை. பழையபடி மங்கல். இந்த வரி இல்லை, அடுத்த வரி என்று கீழே போனேன். அங்கேயும் அதே கதைதான். மேனேஜர் சரி மேடம், சரி என்று இரண்டு முறை சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

5. டீயும் டாட்டும்

கண்ணாடி அறைக்குள் டீ கொண்டுவரக் கூடாது. சிந்தினால் மெஷின் போய்விடும் என்று அதுவும் என்ஜினீயர் போட்ட சட்டம். அதனால் டீ வந்ததும் நான் எழுந்து ஷெட்டுக்கு வந்து, தனசேகரின் மெஷின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பேன். கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே குடிப்பது என் பழக்கம்.

மேனேஜர் எழுந்துபோன அதே நாள் டீ முடிந்து உள்ளே போனேன். தனசேகர் ஒரு தாள் கொண்டுவந்து வைத்தார். படித்தேன். புள்ளி நன்றாக எழும்பியிருக்கிறது, ஓட்டுங்கள் என்றேன். அவர் போகவில்லை. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"இன்னா மேடம் இது, டீ உள்ள போனா டாட்டு வெளிய வந்துருதா? டீக்கு முன்னால இதே ஷீட்ட குடுத்தேன், டல்லா கீதுன்னீங்க. நான் மிஷின தொடவே இல்ல. அதே ஷீட்டதான் திருப்பி கொண்டாந்தேன், இப்ப நல்லா கீதுன்றீங்க. டெய்லி இதான் நடந்துகினு கீது. டீ வேணும்னா வாங்கித் தரேன், எம் மிஷின கொற சொல்லாதீங்க."

ஜெயந்தி என் தோளைத் தொட்டாள், நான் வெடிக்கப்போகிறேன் என்று பயந்திருப்பாள். நான் வெடிக்கவில்லை. அதே ஷீட்டா என்று கேட்டேன். அதேதான், மூலையில பேனாவுல கோடு போட்டு வெச்சிருக்கேன் என்றார். ஜெயந்தி பார்த்து, ஆமாம் அக்கா, கோடு இருக்கிறது என்றாள்.

என் வலது கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. டீ கிளாஸ் சூடு இன்னும் போகவில்லை. பிறகு கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். ஏசி காற்று மணிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஜெயந்தியும் தனசேகரும் எதற்கு என்று புரியாமல் நின்றார்கள். மறுபடியும் கையைக் கன்னத்தில் வைத்தபோது, அது யாரோ ஒருவர் கைபோலச் சில்லிட்டிருந்தது. கோடு போட்ட தாளில் விரலை வைத்தேன். மங்கல்.

காலையில் முதல் தாள்கள் ஏன் நன்றாக இருந்தன என்று அப்போதுதான் புரிந்தது. ரயில் கூட்டத்தில் நசுங்கி, எஸ்டேட் ரோட்டில் வெயிலில் நடந்து வந்த கை அது. சூடு இறங்கும் வரை ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறது. மெஷின் சூடாகிறது என்று நான் பழி போட்டேன். குளிர்ந்துகொண்டிருந்தது நான்.

தனசேகர், இந்த டீக்கு நான் உங்களுக்குப் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

6. ஷெட்டில் ஒரு தரம்

மேனேஜரிடம் போய், அதே பரீட்சையை இன்னொரு தரம் வையுங்கள், ஆனால் ஷெட்டில் வையுங்கள் என்றேன். அவர் தயங்கினார். திரும்பவும் என்னை எல்லார் முன்னாலும் தோற்க வைக்க அவருக்கு மனமில்லை. நான்தான் பிடிவாதம் பிடித்தேன். தோற்றால் அன்றைக்கே போன் மேஜைக்குப் போய்விடுகிறேன் என்றேன்.

பழைய இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டார்கள். வெக்கை தலையில் இறங்கியது. ஜெயந்தி தன் கைப்பையிலிருந்து என் பழைய பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அதை இன்னும் முகத்துக்குப் போட்டுக்கொள்ளாமல் வைத்திருந்தாள். விரலைத் துடைத்துப் பவுடர் தொட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கையை அக்குளில் வைத்திருந்தேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். என் கணக்கு தப்பாக இருந்தால் அதற்கு மேல் என்னிடம் வேறு காரணம் இல்லை. சுகர்தான்.

தனசேகர் புதிதாகத் தயார் செய்த தாளை வைத்தார். படிக்கத் தொடங்கினேன். இது மழுங்கியது. இது சரி. இது சரி. இது பாதி மழுங்கியது, இதை நகத்தால் இல்லை, வேறு எதனாலோ தட்டியிருக்கிறீர்கள் என்றேன். ஸ்பேனர் என்றார் தனசேகர், குரலில் ஆச்சரியத்தோடு. ஜெயந்தி குறித்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை அவள் குரல் மேலே ஏறிக்கொண்டே போனது. கடைசி வரி முடிந்ததும், எல்லாமே சரி அக்கா என்றாள்.

எனக்கு அது போதாது. கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்றேன். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படித்தேன். வீட்டில் குத்தியதுபோலவே குத்தியது. நிறுத்தாமல் அந்தப் பக்கத்தை முடித்தேன். பிள்ளைகள் ஒரு பாடம் முழுக்க இப்படிப் படித்திருக்கிறார்கள், நான் ஒரு பக்கமாவது படிக்க வேண்டாமா? முடித்ததும் விரலை எடுத்துக் காட்டினேன். சிவந்திருக்கிறது என்றார் மேனேஜர்.

அவர் பிறகு செய்த காரியத்துக்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அந்தப் பக்கத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடி அறைக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாராம். ஜெயந்தி பார்த்துச் சொன்னாள். வெளியே வந்து அதே பக்கத்தைத் தடவினார்.

"மொதல்ல தொட்டப்ப சொரசொரன்னு இருந்துச்சு மேடம். இப்ப ஒண்ணும் தெரியல. நான் உங்களைத்தான் டெஸ்ட் பண்ணேன், ரூமை டெஸ்ட் பண்ணணும்னு தோணவே இல்ல."

என் மேஜை மறுபடியும் ஷெட்டுக்கு வந்தது. தகரக் கூரைக்குக் கீழே தெர்மாகோல் அடித்து, ஒரு ஃபேன் போட்டுக் கொடுத்தார்கள். தனசேகர் அழுத்தத்தைப் பழைய இடத்துக்கே இறக்கி, கணக்குப் புத்தகம் முழுவதையும் புதிதாக ஓட்டினார். அவரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது, வுடுங்க மேடம் என்று மெஷின் பக்கம் போய்விட்டார். பிரியாணியை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒண்ணாந்தேதி வரவேண்டிய பெண்ணும் வந்தாள். வேலை இரண்டு பேருக்குமே இருந்தது.

7. மேஜைமேல் இரண்டு தாள்

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மரத்துப்போன விரல், எனக்கு மரத்துப்போய்விட்டது என்று உங்களிடம் சொல்லாது. குளிரில் அது வலிப்பதும் இல்லை, எரிவதும் இல்லை. எப்போதும்போல உறுதியாகப் பேசும். இங்கே புள்ளி இல்லை என்று சொல்லும். நீங்களும் நம்பி, எதிரில் இருப்பவரோடு சண்டைக்குப் போவீர்கள். விரல் நன்றாக இருக்கிறதா என்று அந்த விரலிடமே கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

அதனால் நான் மேஜைமேல் இரண்டு தாள் வைத்துக்கொண்டேன். ஒன்று, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த, சரியான உயரத்தில் அடித்த தாள். இன்னொன்று, திரும்பி வந்த கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம். மற்றவற்றையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டோம், அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. தினமும் வேலை தொடங்கும் முன்பும், டீக்குப் பிறகும், மழைக்காலத்தில் இடையிடையேயும் இரண்டையும் தொட்டுப் பார்ப்பேன். முதல் தாள் மங்கலாகத் தெரிந்தால் குற்றம் தனசேகரிடம் இல்லை. இரண்டாவது தாள் குத்தவில்லை என்றால், கையைத் தேய்த்துக்கொண்டு, வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

தொட்டுத் தொட்டு அந்தப் பக்கத்தின் கூர் போய்விடுமோ என்று ஒரு கவலை இருந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் வேறு வரியைத் தொடுவேன். நான் ஓய்வு பெற்றது ஒரு கார்த்திகை மாதத்தில், அன்றைக்கு விடாத தூறல். கோவில்பதாகையிலிருந்து நனைந்துகொண்டே வந்திருந்தேன், கை விறைத்திருந்தது. மாலையும் சால்வையும் சாயங்காலம்தான், அதற்கு முன்பு படிக்க ஒரு கட்டுத் தாள் இருந்தது. அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. தனசேகர் கேட்காமலே ஒரு டீ கிளாஸை என் கையில் கொடுத்தார். உருட்டிக்கொண்டே குடித்து முடித்து மறுபடி விரலை வைத்தேன். சுருக்கென்று குத்தியது. அதன் பிறகுதான் அன்றைய முதல் ப்ரூஃபைக் கொடுங்கள் என்றேன்.